துடைக்காமல் விட்ட இடம்

நம் லாரி மெக்கானிக் சங்கத்தின் ஆயுத பூஜை மலருக்கு எழுதச் சொல்லி வந்தவர்கள், "தொழிலுக்குப் புதுசா வர்ற தம்பிங்களுக்கு ஊக்கமா நாலு வார்த்தை எழுதுங்கய்யா" என்று கேட்டார்கள். ஊக்கம் உங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஸ்பானரைக் கையில் எடுப்பதற்கு முன்பே "ஆயிரும்ண்ணே, ஒண்ணும் பிரச்சினை இல்லண்ணே" என்று சொல்லப் பழகிவிட்டீர்கள். அந்த ஊக்கத்தில் கொஞ்சம் குறைந்தால் ஊருக்கு நல்லது என்றுதான் இதை எழுதச் சம்மதித்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் உங்களில் ஒருவர் என் வீட்டுக்கு வந்து போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். ஒரு பழைய டீசல் இன்ஜின். அதன் பக்கவாட்டில் ஒரு பச்சைக் கட்டம், அதில் பெரிதாக ஒரு நாமம். நாமத்தின் நடுவிலுள்ள சிவப்புக் கோட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்குகிறது. பின்னால் யாரோ "கோவிந்தா" என்கிறார்கள். "ஐயா, இது நீங்க வேலை பாத்த பட்டறையில நடந்ததாமே, நெசமா?" என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. ஆனால் கேட்கும்போதே அவர் கை கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஐ.டி.ஐ. படித்து, டீசல் மெக்கானிக் சான்றிதழ் வாங்கிய கை அது.

நடந்தது நிஜம்தான். வீடியோவில் இருப்பது நடந்ததில் பாதி. மீதியை யாரும் படம் பிடிக்கவில்லை, அதனால் நான் எழுத வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒரு விஷயம். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பெரிய மகான் ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, அடுத்தவர் காசில்தான் டீ. அவர் பெயரைப் போட்டுப் புகழ்ந்து எழுத எனக்கு மனசு வராது. ஆனால் அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. கழுவாத இன்ஜினைத் தொடமாட்டார். டீசல் ஊற்றி, பிரஷ் போட்டு, இண்டு இடுக்கெல்லாம் தேய்த்து, இரும்பு இரும்பாகத் தெரிந்த பிறகுதான் பக்கத்தில் வருவார். எந்த டிரைவராவது "அவசரம் மேஸ்திரி" என்றால், "அப்ப அவசரமா கழுவு" என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒன்றுதான். மற்றதையெல்லாம் அவரிடமே விட்டுவிட்டேன்.

இனி லாரிக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது இது. பால்பண்ணை பக்கம் இருந்த ஒரு பட்டறையில் நான் மேஸ்திரி. ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ராமானுஜம் சார் என்று ஒருவர். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுத்து ஓய்வு பெற்றவர். திருவெள்ளறை பக்கம் அவர்கள் குடும்பத்துக்கு நிலம் உண்டு, அந்த நிலத்தோடு சேர்ந்து வந்த மாதிரி ஒரு பழைய லாரியும் உண்டு. அறுவடைக்கு நெல், மற்ற நாளில் செங்கல், வைக்கோல் என்று ஓடும். ஓட்டுகிறவர் லால்குடிக்காரர், ஆரோக்கியசாமி. அந்த லாரியைத் தவிர வேறு வண்டியில் அவர் ஏறி நான் பார்த்ததில்லை.

அந்த லாரி லால்குடி ரோட்டில் லோடோடு வரும்போது 'படார்' என்று ஒரு சத்தம் கேட்டு நின்றுவிட்டது. கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால் கிராங்க் ஷாஃப்ட் நடுவில் இரண்டாக உடைந்திருந்தது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சக்கரத்துக்குச் சுழற்சியாக மாற்றித் தருவது அதுதான் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சான்றிதழ் இருக்கிறது. ஏற்கெனவே பலமுறை கிரைண்டிங் போட்டு, இனிமேல் தேய்க்க இடமில்லாத கடைசி அளவுக்கு வந்துவிட்ட கிராங்க் அது. புதுசு வாங்கலாம் என்றால், கம்பெனி அந்த மாடலை நிறுத்தி வெகு காலமாகிவிட்டது. ஸ்பேர் கடையில் மாடல் பெயரைச் சொன்னால் கல்லாவில் இருப்பவர் சிரித்துவிட்டுப் பக்கத்து ஆளையும் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிக்கிறார்.

ராமானுஜம் சார் பட்டறைக்கு வந்தார். நெற்றியில் பளிச்சென்று திருமண், தோளில் வெள்ளை அங்கவஸ்திரம். கிரீஸ் படாத இடமாகப் பார்த்து நிற்கிற ஆள் என்று நினைத்தேன். நேராக வந்து உடைந்த கிராங்கைக் குனிந்து பார்த்தார்.

"மேஸ்திரி, நான் ஒளிச்சு வச்சுண்டு பேசலை. பெங்களூர்ல இருக்கற பையன் இதை வித்துடுங்கோன்னு ரொம்ப நாளாச் சொல்லிண்டிருக்கான். அறுவடைக்கு வாடகை லாரி பிடிச்சுண்டா போறும்ங்கறான். இந்தத் தை அறுவடைக்கு வண்டி கிளம்பித்துன்னா வச்சுக்கறேன். இல்லேன்னா இரும்புக்குக் குடுத்துடறதா அவன்ட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

ஆரோக்கியசாமி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சார் போன பிறகு நான் அவரைக் கேட்டேன்.

"வேற எங்கயாவது கேட்டு வச்சீங்களா?"

"கேட்டேண்ணே. ரெண்டு மூணு டிரான்ஸ்போர்ட்ல. வயசச் சொன்னதும் டீ குடிச்சிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க. ஒரு காது மந்தம் வேற. இந்த வண்டி போச்சுன்னா நான் வீட்டுல உக்கார வேண்டியதுதான்."

இதை அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. விலாசம் சொல்வது போலச் சொன்னார். எனக்குத்தான் கேட்கச் சங்கடமாக இருந்தது. ஆக அந்த உடைந்த இரும்போடு ஒரு மனிதரின் பிழைப்பும் கட்டப்பட்டிருந்தது.

நம் தொழிலில் ஒரு இன்ஜினைத் திறந்து வைத்தால் போதும், கூப்பிடாமலே கூட்டம் கூடிவிடும். அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்கள், டயர் கடைக்காரர், டீ குடிக்க வந்தவர், எல்லோரும் நிபுணர்கள். ஒருவர் உடைந்த கிராங்கை வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்றார். அவர் அந்த லாரியில் ஏறப் போவதில்லை, அதனால் தைரியமாகச் சொன்னார். இன்னொருவர் புது மாடல் இன்ஜினையே தூக்கி வைக்கலாம் என்றார். அதற்கு மவுன்டிங் மாற்ற வேண்டும், கியர் பாக்ஸ் சேராது, ரேடியேட்டர் பத்தாது, ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும். அவர் வாயாலேயே எல்லாவற்றையும் மாற்றி முடித்துவிட்டு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். மூன்றாவது ஆள் போனில் தேடிப் பார்த்து, ரஷ்யாவில் கிடைக்கிறது என்றார்.

எனக்கு அடுத்த நிலையில் இருந்தவன் பாஸ்கர். கை வேலை சுத்தம். ஆனால் உங்களைப் போலவே ஊக்கம் அதிகம். மறுநாள் காலை போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான்.

"அண்ணே, அதே மாடல் இன்ஜினு. காயலான் கடையில ஒண்ணு கெடக்கு. ஓட்டியே காமிச்சுட்டாங்க, பாருங்க."

வீடியோவில் இன்ஜின் மரச்சட்டத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஒரு சினிமாப் பாட்டும் சேர்த்துப் போட்டிருந்தார்கள், அதுவும் நன்றாக இருந்தது.

"ரேடியேட்டர் எங்கடா?" என்று கேட்டேன்.

"ஓட்டிக் காமிக்கிறதுக்கு எதுக்குண்ணே ரேடியேட்டர்?"

"தண்ணியே இல்லாம ஓட்டியிருக்கான். அப்ப தண்ணி ஊத்துனா என்ன ஆகும்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க எல்லாத்தையும் சந்தேகமாவே பாக்குறீங்கண்ணே."

மேஸ்திரிக்குச் சம்பளம் கொடுப்பதே சந்தேகப்படுவதற்குத்தான். இதை நான் அவனிடம் சொல்வதற்குள் அவன் கடைக்காரரிடம் பேசி முடித்துவிட்டான். கிராங்கை மட்டும் கொடுங்கள் என்று நான் கேட்கச் சொன்னேன். கடைக்காரர், கொடுத்தால் முழு இன்ஜினாகத்தான் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டாராம். பாஸ்கருக்கு அதில் சந்தோஷம்தான். முழு இன்ஜினை அப்படியே இறக்கி வைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

இன்ஜின் வந்து இறங்கியது. கடைக்காரரும் கூடவே வந்தார், கையில் ஒரு சாமந்தி மாலை. இன்ஜின் முழுக்கப் புதுப் பச்சைப் பெயின்ட். பெயின்ட் அடித்தவன் கேஸ்கெட் ஓரம், நட்டு, போல்ட்டு, ரப்பர் குழாய் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. பக்கவாட்டில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு சாண் உயரத்துக்கு நாமம். வண்டி ஸ்ரீரங்கத்துக்காரருடையது என்று பாஸ்கர் போனிலேயே சொல்லியிருக்கிறான். கடைக்காரருக்கு பக்தி அங்கேயே பொங்கியிருக்கிறது.

உங்களில் பலருக்கு இந்த இடத்தில் நாமத்தை வைத்து ஒரு பழைய நகைச்சுவை வாயில் வந்திருக்கும். விழுங்கிவிடுங்கள். இந்தக் கதையைக் கேட்ட எல்லோரும் அதையே சொல்லிவிட்டார்கள்.

நான் கழுவச் சொன்னேன். பையன்கள் டீசலும் தின்னரும் போட்டுத் தேய்த்தார்கள். மட்டமான பெயின்ட், பாளம் பாளமாக உரிந்து வந்துவிட்டது. சாயங்காலம் போய்ப் பார்த்தேன். இன்ஜின் முழுக்க இரும்பு தெரிகிறது, நாமம் இருக்கிற ஒரு கட்டம் மட்டும் பச்சைப் பசேல் என்று அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி பிரஷ் எவ்வளவு ஜாக்கிரதையாகப் போய்த் திரும்பியிருக்கிறது என்று பார்க்கவே ஆச்சரியமாக இருந்தது. வால்வு வைக்கும்போது அந்த ஜாக்கிரதையில் கால்வாசியை நான் அவர்களிடம் கண்டதில்லை.

"இத ஏன்டா விட்டீங்க?"

பையன்கள் பிரஷ்ஷை ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மாற்றினார்கள். கடைசியில் பாஸ்கர்தான் சொன்னான்.

"சாமி நாமம்ண்ணே. அதப் போய் தின்னர் போட்டு எப்படி அழிக்கிறது? வேற எடம் முழுக்க நல்லாத்தானே இருக்கு."

இவர்கள் எல்லோரும் ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் பக்தர்கள். மற்ற நாளில் சாமி படத்துக்குக் கீழேயே பீடி பற்ற வைப்பவர்கள். முந்தின வாரம்தான் ஒருவன் ஊதுபத்திக் கட்டால் கேஸ்கெட்டைத் தட்டி உட்கார வைத்தான். அன்று எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது.

நீங்கள் கேட்கலாம், நீயே துடைத்திருக்கலாமே என்று. கேட்க வேண்டியதுதான். எனக்கு சாமி பயம் கிடையாது. ஆனால் இன்ஜின் வாடிக்கையாளருக்காக வந்தது. அந்த வாடிக்கையாளர் நெற்றியில் அதே திருமண்ணோடு மறுநாள் காலை வந்து நிற்கப் போகிறார். அவரைக் கேட்காமல் அதன் மேல் தின்னர் துணியை வைக்க எனக்கு உரிமை இல்லை. கேட்டாலும் சரி என்று சொல்லமாட்டார் என்றே நினைத்தேன். கடைக்காரர் அந்த ஒரு கட்டத்தை மட்டும் இப்படி நாமம் போட்டுப் பாதுகாத்து அனுப்பியிருக்கிறார் என்றால் அதற்குக் கீழே என்னவோ இருக்கிறது என்பது மட்டும் எனக்கு நிச்சயம். அதனால் நாமத்தைத் தொடாமலே பார்க்க ஒரு வழி செய்தேன்.

காலையில் ராமானுஜம் சார் வந்தார். ஆரோக்கியசாமி வந்தார். கடைக்காரரும் வந்தார், தன் இன்ஜின் வண்டியில் ஏறுவதைப் பார்க்க வேண்டுமாம். இன்ஜினைத் தூக்கி வைக்கச் செயின் பிளாக் தயாராகத் தொங்குகிறது. வயலில் கதிர் முற்றிவிட்டது, சாரின் பையன் தினமும் போனில் கேட்கிறான். "ஏத்திரலாம்ண்ணே, நல்ல நேரம் போயிரும்" என்று பாஸ்கர் அவசரப்படுத்துகிறான். நான் ஏற்றக் கூடாது என்றேன். இன்ஜினில் தண்ணீர் போகிற வழிகளையெல்லாம் தகடும் ரப்பரும் வைத்து அடைக்கச் சொன்னேன். உள்ளே சுடுதண்ணீர் ஊற்றி, கம்ப்ரஸரிலிருந்து அளவாகக் காற்றைக் கொடுத்தேன். ரேடியேட்டர் வைத்து ஓட்டினால் உள்ளே என்ன அழுத்தம் வருமோ அந்த அளவுதான். பிறகு ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பாஸ்கர் என்னைப் பார்த்த பார்வையில், கிழவன் எப்போது ஓய்வு பெறுவான் என்ற கேள்வி இருந்தது. அப்புறம் நாமத்தின் சிவப்புக் கோட்டில் ஒரு முத்துப் போலத் தண்ணீர் கட்டியது. திரண்டது. இறங்கியது. அடுத்தது வந்தது.

இதைப் பார்த்ததும் ஒரு மெக்கானிக் என்ன செய்ய வேண்டும்? "ஓட்டைடா" என்று கத்த வேண்டும். எங்கள் பட்டறையில் என்ன நடந்தது தெரியுமா? ஒருவன் செருப்பைக் கழற்றினான். அவனைப் பார்த்து இன்னொருவன் கழற்றினான். யாரோ "கோவிந்தா" என்றார்கள். டயர் கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். டீக்கடையில் போண்டா போட்டுக்கொண்டிருந்தவர் எண்ணெய்க் கரண்டியோடு வந்து நின்றார். ஒருவன் உள்ளங்கையை நீட்டிச் சொட்டை ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டான். நான் ஊற்றிய தண்ணீர் அது, பட்டறைக் குழாயில் பிடித்தது. போன்கள் எல்லாம் மேலே எழும்பிவிட்டன.

எல்லோரையும்விட உருகிப் போனவர் கடைக்காரர்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு, "பாத்தீங்களாய்யா, நான் சொல்லல? சக்தி உள்ள இன்ஜினுய்யா இது! யாரும் கைய வச்சுராதீங்க" என்றார். யாரும் கை வைக்கக் கூடாது என்பதில் மட்டும் அவர் குரல் மிக உண்மையாக இருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் மலரில் போடமாட்டார்கள்.

ராமானுஜம் சார் இன்ஜினையும் பார்த்தார், கூட்டத்தையும் பார்த்தார். இவரும் விழுந்து சேவிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முன்னால் வந்து, "யாராவது ஒரு துணி குடுங்கோ, தொடைக்கணும்" என்றார்.

ஒருவரும் அசையவில்லை. அந்தப் பட்டறையில் எங்கே பார்த்தாலும் பனியன் வேஸ்ட் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அந்த நிமிஷம் எல்லோருக்கும் கண் தெரியாமல் போய்விட்டது.

"சாமி, வேணாங்க சாமி. நாமத்த அழிச்சா தோஷம்" என்றார் கடைக்காரர்.

"ஏன்? நான் என்ன இதை ஜென்மத்துக்கும் ஒரே தடவையா இட்டுண்டேன்?" என்று சார் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "தினமும் கார்த்தால ஸ்நானம் பண்றச்சே நேத்திக்கு இட்டுண்டது போறது. நன்னா அலம்பித் தொடச்சுட்டுத்தான் புதுசா இட்டுக்கறேன். அலம்பாத எடத்துல திருமண் இட்டுக்கற வழக்கமே எங்களுக்குக் கிடையாது. அழிக்கப்படாதுன்னு உமக்கு யார் சொன்னா?"

கூட்டத்தில் ஒரு புத்திசாலி, "சாருக்கு இது வேற கலை நாமம் போல" என்று முணுமுணுத்தான்.

"எந்தக் கலையா இருந்தாலும் அலம்பித்தான் ஆகணும்" என்றார் சார். "துணி எங்கே?"

அப்போதுதான் ஆரோக்கியசாமி முன்னால் வந்தார். தோளில் கிடந்த தன் துண்டை எடுத்தார், பக்கத்திலிருந்த தின்னர் டப்பாவில் ஒரு முனையை நனைத்தார், சாரிடம் நீட்டினார்.

அந்த நாமத்துக்குக் கீழே ஓட்டை இருந்தால் அந்த இன்ஜின் போச்சு. இன்ஜின் போனால் லாரி போச்சு. லாரி போனால் ஆரோக்கியசாமியின் பிழைப்பு போச்சு. அங்கே நின்றவர்களில், துடைக்காமல் விட்டுவிடுங்கள் என்று சொல்ல நியாயம் இருந்த ஒரே ஆள் அவர்தான். கடைக்காரரை விட்டால் வேறு யாருக்கும் அதில் காலணா நஷ்டம் கிடையாது.

"தெரிஞ்சுதான் குடுக்கறீரா ஆரோக்கியம்?" என்று சார் கேட்டார்.

"தெரியும் சாமி. லோடு ஏத்திக்கிட்டுக் கொள்ளிடம் பாலத்துல போகப்போறது நான்தானே. பாத்துருவோம்."

சார் துடைத்தார். பயபக்தியோடும் இல்லை, அலட்சியமாகவும் இல்லை, கரும்பலகையைத் துடைப்பது போலத் துடைத்தார். சிவப்பு போனது, வெள்ளை போனது, பச்சை போனது. அடியில் இரும்புப் பசை பூசி எமரி பேப்பர் போட்டு மழமழவென்று தேய்த்த ஒரு பட்டை. அதை நான் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியதும் ஓடு போலப் பெயர்ந்து விழுந்தது. இன்ஜினின் உடம்பான பிளாக்கில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். நாமம் எவ்வளவு உயரமோ விரிசலும் அவ்வளவு உயரம்.

கூப்பிய கைகளெல்லாம் இறங்கின. செருப்புகளைத் தேடிப் போட்டுக்கொண்டார்கள். போண்டாக்காரருக்கு அடுப்பு ஞாபகம் வந்தது. பாஸ்கர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

கடைக்காரர் அசரவில்லை, அந்த மட்டும் அவரைப் பாராட்ட வேண்டும். "தண்ணி ஒழுகுறதுதானே மேஸ்திரி, ஒரு டப்பா அடைப்பு மருந்த ரேடியேட்டர்ல ஊத்துங்க, சரியாப் போயிரும்" என்றார்.

இப்போது கவனியுங்கள், ஏனென்றால் உங்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் சரி என்று சொல்லியிருப்பீர்கள். தண்ணீர்ச் சுவரில் மட்டும் விரிசல் என்றால் வரிசையாக இரும்பு ஆணி இறக்கித் தையல் போட்டு ஓட்டலாம், நானே ஓட்டியிருக்கிறேன். விரிசல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்பவன் அரை மெக்கானிக். அது எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். சம்ப்பைக் கழற்றச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தேன். விரிசல் உள்பக்கமாக இறங்கி, கிராங்கைத் தாங்குகிற நடு பேரிங் இருக்கும் சுவரில் போய் முடிந்திருந்தது. அதை எந்தத் தையலும் தாங்காது. காலியாக ஓட்டினால் ஓடும். வீடியோவுக்கு ஓடும். நெல் மூட்டை ஏற்றிய அன்றைக்கு, எங்கே எந்த மேட்டில் விரியும் என்று யாரும் சொல்ல முடியாது.

"ஏத்த முடியாது" என்றேன்.

ஆரோக்கியசாமி தலையை ஆட்டினார். போய்த் தன் லாரியின் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். துண்டு சாரின் கையிலேயே இருந்தது.

எல்லோரும் விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயின்ட்டில் மயங்கினவர்கள் இப்போது விரிசலில் மயங்கிப் போய் நின்றார்கள். அந்த பிளாக் செத்தது சரி, அதன் வயிற்றில் இருந்த கிராங்க்கும் செத்துவிட்டதா என்று ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை. நமக்கு முதலிலிருந்தே வேண்டியது அது ஒன்றுதானே! எங்கள் லாரியின் பழைய பிளாக்கில் கிராங்க் மட்டும்தான் இல்லை.

கழற்றச் சொன்னேன். கழுவச் சொன்னேன், இந்த முறை ஒரு மயிரிழை விடாமல் கழுவினார்கள். மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைத்துச் சாக்பீஸ் தூள் பூசி, எங்காவது கோடு ஊறி வருகிறதா என்று பார்த்தோம். வரவில்லை. தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினால் கோயில் மணி மாதிரி நின்று ஒலித்தது. மைக்ரோமீட்டர் வைத்து அளந்தால் ஒரே ஒரு முறைதான் கிரைண்டிங் பார்த்த கிராங்க். கடைக்காரர் பூசி மறைத்த பொருள் உருப்படாதது, மறந்தே போன பொருள் தங்கம். நேராகச் சொல்லி கிராங்கை மட்டும் விற்றிருந்தால் முதல் நாளே மரியாதையாகப் பணம் வாங்கிக்கொண்டு போயிருப்பார். பிளாக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு கிராங்குக்கு மட்டும் காசு வாங்கிக்கொள்ளச் சொன்னோம். கூட்டம் இப்போது எங்கள் பக்கம் இருந்ததால் அவர் சம்மதித்தார். இவ்வளவு நேரம் கோவிந்தா போட்டவர்கள்தான் அவரை அதிகமாக மிரட்டினார்கள்.

அந்த அளவுக்கான பேரிங் ஷெல் நாமக்கல்லில் ஒரு பழைய ஸ்பேர் கடையில் கிடைத்தது. எங்கள் பிளாக்கையும் விட்டுவைக்கவில்லை. அதையும் கழுவி, அதே தண்ணீர், அதே காற்று. சொட்டுக்கூட வரவில்லை. பிளாக் நம்முடையதே என்பதால் இன்ஜின் நம்பர் மாறவில்லை, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கிற வேலையும் மிச்சம். பாஸ்கர்தான் முழுக்கப் பூட்டினான். ஒரு வார்த்தை பேசாமல் பூட்டினான், அதனாலேயே நன்றாகப் பூட்டினான்.

இன்ஜின் கிளம்பிய அன்று, பழக்க தோஷம், ஒருவன் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தான். இன்னொருவன் பெயின்ட் டப்பாவோடு வந்து, "சாமி, இதுல ஒரு நாமம் போட்ரலாங்களா?" என்று கேட்டான்.

"கண்ணாடிக்கு மேல வேணா எழுதுங்கோ" என்றார் சார். "இன்ஜின்ல இட்டா தினமும் அலம்பணும். உங்களால முடியுமா?"

டப்பா திரும்பிப் போனது.

அந்தத் தையில் திருவெள்ளறை நெல் முழுக்க அந்த லாரியில்தான் போனது. பெங்களூர்ப் பையன் அதன் பிறகு விற்கும் பேச்சை எடுக்கவில்லை என்று கேள்வி. விரிசல் விட்ட அந்த பிளாக்கைச் சில மாதம் கழித்து அதே காயலான் கடை வாசலில் பார்த்தேன். புதிதாக நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். அதே இடத்தில் இந்த முறை வேல். அடுத்த வாடிக்கையாளர் எந்த ஊர்க்காரர் என்று தெரியவில்லை, பாவம்.

இனி அந்த வீடியோ. எத்தனை போன்களில் சுற்றுகிறதோ, எத்தனை பேர் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்களோ தெரியாது. என்னிடம் காட்டியவரிடம், "இதுக்கப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "அவ்வளவுதாங்கய்யா, இதோட முடிஞ்சுருது" என்றார். மறுபடி போடச் சொல்லி, கடைசி வரை பார்க்கச் சொன்னேன். நீங்களும் பாருங்கள். நாமத்திலிருந்து சொட்டு இறங்கும். கோவிந்தா கேட்கும். முடிகிற நேரத்தில் ஓரத்திலிருந்து ஒரு கை, அழுக்குத் துண்டோடு உள்ளே வரும். படம் கெடுகிறது என்று எடுத்தவன் அத்தோடு நிறுத்திவிட்டான்.

அந்தக் கை ஆரோக்கியசாமியுடையது. இன்றும் அந்த லாரியை அவர்தான் ஓட்டுகிறார்.